சித்தூர், திருப்பதி நூலகங்களுக்குப் புதுப் புத்தகங்களைத் தேர்வு செய்வது யார்? தமிழ் வாசகர் என்ன செய்யலாம்?

ஸ்ரீசிட்டியில் வேலை, சத்தியவேட்டில் வாடகை வீடு என்று இருப்பவரா நீங்கள்? அல்லது நகரியிலோ குப்பத்திலோ பிறந்து வளர்ந்து, வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுபவரா? அப்படியென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம்.

பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்துக்குப் போகிறீர்கள். தெலுங்கு அலமாரிகள் வரிசையாக நிற்கின்றன. போட்டித் தேர்வு கைடுகள் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகங்கள் இருந்தாலும், அட்டை கிழிந்த பழைய பதிப்புகள்தான் கண்ணில் படுகின்றன. "தமிழ்ல புதுசா ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டால், "லிஸ்ட்ல வந்தாதான் சார்" என்று பதில் வருகிறது.

அந்த 'லிஸ்ட்' எங்கிருந்து வருகிறது? அதை யார் தயாரிக்கிறார்கள்? அதில் உங்கள் குரலுக்கு இடம் இருக்கிறதா?

சுருக்கமான பதில் இதுதான்: நூலகத்துக்கான பணத்தில் முக்கியமான பங்கு உள்ளூர் மக்களின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. ஆனால் புத்தகத் தேர்வு பெரும்பாலும் உங்கள் ஊருக்கு வெளியே நடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைக்க வாசகரிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை. இன்னொன்று, புத்தகம் எடுத்துப் படித்த கணக்கு.

விரிவாகப் பார்க்கலாம்.

இது யாருடைய காசு?

பொது நூலகம் என்பது அரசு இலவசமாகக் கொடுக்கும் சலுகை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்.

ஆந்திரப் பிரதேசத்தில் வீட்டு வரி, சொத்து வரியோடு நூலக செஸ் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஒரு ரூபாய் வரிக்கு 8 பைசா. அதாவது ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரி என்றால், நூலகத்துக்கு மட்டும் 200 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி எப்படியும் வாடகையில்தான் வந்து சேரும்.

இந்த செஸ்ஸை வசூலிப்பது நகராட்சியும் ஊராட்சியும். அதை அவை மாவட்ட கிரந்தாலய சமஸ்தாவிடம் ஒப்படைக்க வேண்டும். மாவட்டத்தில் உள்ள பொது நூலகங்களை நடத்துவது இந்த சமஸ்தாதான். மத்திய நூலகம், கிளை நூலகங்கள், அவற்றுக்கான நாளிதழ்கள், புத்தகங்கள் எல்லாம் இதன் பொறுப்பு. வசூலான செஸ் முழுமையாகவும் நேரத்துக்கும் வந்து சேர்வதில்லை, நிலுவை ஏறிக்கொண்டே போகிறது என்ற புகார் ஆந்திராவில் நீண்ட காலமாகவே உண்டு.

பணம் தட்டுப்படும்போது முதலில் அடிபடுவது புதுப் புத்தகக் கொள்முதல்தான். கரண்ட் பில்லைத் தள்ளிப்போட முடியாது. நாளிதழை நிறுத்தினால் காலையில் வரும் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். புத்தகம் வாங்காவிட்டால் உடனே யாரும் கேட்கப் போவதில்லை.

எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வேர்

சித்தூர் பகுதியின் நூலகக் கதை தமிழ்நாட்டோடு பின்னியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அப்போது சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

தெலுங்குப் பகுதிகளில் அதற்கும் முன்பே நூலக இயக்கம் வலுவாக இருந்தது. அய்யங்கி வெங்கடரமணய்யா போன்றவர்களின் முயற்சியில் 1914-ல் விஜயவாடாவில் ஆந்திர தேச நூலக சங்கம் உருவானது. ஊர் ஊராக நூலகம் திறப்பதை அவர்கள் ஒரு மக்கள் இயக்கமாகவே நடத்தினார்கள்.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதே 1960-ல் ஆந்திரப் பிரதேசம் தனக்கென ஒரு பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. இன்றைய கிரந்தாலய சமஸ்தாக்கள் இயங்குவது அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

எல்லைக்கோடு நகர்ந்தது. மக்கள் நகரவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் அப்படியே இருக்கின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நகரியும் குப்பமும் சித்தூரில் தங்கின. புத்தூரும் சத்தியவேடும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. தமிழ் வாசகர்கள் இப்போது இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள்.

அந்த 'லிஸ்ட்' எப்படி உருவாகிறது?

இந்தியாவில் பொது நூலகங்களுக்குப் புத்தகம் வந்து சேரும் வழிகள் பொதுவாக நான்கு.

முதல் வழி, மாநில அளவிலான தேர்வு. பதிப்பாளர்கள் தங்கள் புத்தகங்களை அனுப்புவார்கள். தேர்வுக் குழு பார்த்துப் பட்டியல் தயாரிக்கும். அந்தப் பட்டியலை வைத்து மாவட்டங்களுக்கு வாங்குவார்கள். நூலகர் சொல்லும் 'லிஸ்ட்' பெரும்பாலும் இந்த மாதிரிப் பட்டியல்தான்.

இரண்டாவது, ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை. மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் 1972-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு கொல்கத்தாவில் இருக்கிறது. மாநில அரசு தன் பங்கைப் போட்டால் அறக்கட்டளையும் தன் பங்கைப் போடும். அந்தப் பணத்தில் மாநிலக் குழு புத்தகம் தேர்வு செய்யும். இது தவிர, அறக்கட்டளையே நேரடியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பும் புத்தகங்களும் உண்டு.

மூன்றாவது, உள்ளூர்க் கொள்முதல். மாவட்ட அளவில் வாசகர்கள் கேட்டவற்றை வாங்குவது. தொகை சிறியதாக இருந்தாலும், உங்கள் ஊர்த் தேவைக்கு மிக நெருக்கமான வழி இதுதான்.

நான்காவது, நன்கொடை. இதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

தேர்வு மேசையில் எதைப் பார்ப்பார்கள்?

ஒரு நூலகரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கையில் குறைந்த பணம், முன்னால் நூற்றுக்கணக்கான தலைப்புகள். எப்படி முடிவு செய்வீர்கள்?

முதல் கேள்வி, யார் கேட்கிறார்கள்? ஆலோசனைப் பதிவேட்டில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அடுத்து, ஏற்கெனவே இருக்கும் புத்தகங்களில் எவை அதிகம் வெளியே போகின்றன? குரூப் 2, டிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்கான புத்தகங்கள் எப்போதும் முன்வரிசையில் நிற்பது இதனால்தான். அவற்றைக் கேட்டு தினமும் ஆள் வருகிறது.

மூன்றாவது, இதே பொருளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? சட்டம், கணினி, மருத்துவம் போன்றவற்றில் பதிப்பு எவ்வளவு புதியது? கடைசியாக விலையும் உழைப்பும். பைண்டிங் நாலு பேர் கை மாறினால் தாங்குமா? எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா?

ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கின்றன. தேடி வரும் வாசகருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும், அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் இரண்டின் சாரம். நல்ல தேர்வு என்றால் இந்த இரண்டு பக்கத்தையும் பார்ப்பதுதான். எல்லாரும் கேட்பதை மட்டும் வாங்கினால் நூலகம் கைடு கடையாகிவிடும். யாரும் கேட்காததை மட்டும் வாங்கினால் தூசிதான் சேரும்.

தமிழ் அலமாரி ஏன் வளர்வதில்லை?

ஆந்திராவில் மாநிலப் பட்டியலின் முதன்மை மொழி தெலுங்கு. அது இயல்பானது, நியாயமானதும்கூட. ஆனால் மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் என்றால், இரண்டு மாவட்டங்களின் சில மண்டலங்களில் மட்டும் படிக்கப்படும் ஒரு மொழி அதில் சின்ன வரியாகத்தான் இருக்கும். தமிழ்ப் பதிப்புலகம் தெரிந்த ஒருவர் தேர்வு மேசையில் இல்லாவிட்டால், எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று முடிவெடுப்பதும் கஷ்டம்.

இங்கேதான் ஒரு சுழல் ஆரம்பிக்கிறது. புதுத் தமிழ்ப் புத்தகம் இல்லாததால் தமிழ் வாசகர் வருவதில்லை. அவர் வராததால் தமிழ்ப் புத்தகம் யாரும் எடுப்பதில்லை என்று பதிவேடு காட்டுகிறது. பதிவேடு அப்படிக் காட்டுவதால் அடுத்த முறையும் வாங்குவதில்லை. இதில் யாருக்கும் தமிழ் மீது விரோதம் தேவையில்லை. கணக்கு ஒன்றே போதும்.

யுனெஸ்கோவும் சர்வதேச நூலக சங்கங்களின் கூட்டமைப்பும் வெளியிட்ட பொது நூலக அறிக்கை, மொழிச் சிறுபான்மையினருக்கும் நூலகச் சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 29-வது பிரிவு, தனி மொழி கொண்ட மக்களுக்கு அதைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 350ஏ பிரிவு தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிப் பேசுகிறது. ஆனால் கிளை நூலகத்தில் இத்தனை தமிழ்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்று இவை எதுவும் சொல்லவில்லை. அதனால் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

மற்ற இடங்களில் எப்படி?

தமிழ்நாட்டில் சொத்து வரியில் நூலக செஸ் ரூபாய்க்கு 10 பைசா. அங்கே பொது நூலக இயக்ககம் மொத்தமாகத் தேர்வு செய்து மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. இந்த 'நூலக ஆர்டர்' கிடைக்குமா என்பதைப் பொறுத்தே பல சிறிய தமிழ்ப் பதிப்பகங்கள் ஒரு புத்தகத்தை எத்தனை பிரதி அச்சடிப்பது என்று முடிவு செய்கின்றன. மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் நீலகிரிக்கும் ராமநாதபுரத்துக்கும் ஒரே கட்டு போய்ச் சேரும் ஆபத்தும் உண்டு.

கேரளம் வேறு வழியில் போகிறது. பி.என். பணிக்கர் 1945-ல் தொடங்கிய நூலக சங்கத்தின் மரபில், கிராம நூலகங்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழுக்களே நடத்துகின்றன. மாவட்ட நூலக கவுன்சில்கள் புத்தகத் திருவிழா நடத்தும்போது, கிராம நூலகக்காரர்கள் மானியத் தொகையோடு வந்து, ஸ்டால் ஸ்டாலாகப் புரட்டிப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். ஊர்க்காரரே தேர்வு செய்வதால் ஊருக்குப் பொருந்தும். செல்வாக்குள்ளவரின் ருசியே ஜெயித்துவிடும் சிக்கலும் அதில் உண்டு.

சிங்கப்பூரில் தமிழர் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் தமிழ் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று என்பதால், தேசிய நூலக வாரியம் தமிழ்ப் புத்தகங்களைத் தொடர்ந்து வாங்குகிறது. அங்கே தமிழ் அலமாரி ஆள் கணக்கை மட்டும் நம்பி நிற்கவில்லை, கொள்கையின் பலத்தில் நிற்கிறது. சித்தூர், திருப்பதியில் அப்படிப்பட்ட கொள்கைப் பலம் இல்லாதபோது, வாசகர் கணக்குதான் துணை.

நாமே புத்தகம் கொடுத்தால் ஆகாதா?

கொடுக்கலாம். ஆனால் மூட்டை கட்டிக் கொண்டுபோய் வைப்பதற்கு முன் நூலகரிடம் பேசுங்கள். கொடுத்த புத்தகம் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறி, எண் பெற்றால்தான் அது நூலகச் சொத்து. எண் இல்லாத புத்தகத்தை இரவல் கொடுக்க முடியாது. மூலையில் கட்டாகவே கிடக்கும்.

பழைய பாடப்புத்தகம், கிழிந்த வார இதழ், பத்து வருடத்துக்கு முந்தைய தேர்வு கைடு வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் நாவல், சிறுவர் கதை, வரலாறு, அறிவியல் இவற்றில் இருபது புத்தகம், தலைப்புப் பட்டியலோடு கொடுத்தால் போதும். ஆனால் நன்கொடை கொள்முதலுக்கு மாற்று ஆகாது. நீங்கள் செஸ் கட்டியிருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

முதலில் உறுப்பினர் ஆகுங்கள். சும்மா போய் நாளிதழ் படித்துவிட்டு வருவது எந்தப் பதிவேட்டிலும் 'தமிழ் வாசகர்' என்று ஏறாது.

இருக்கும் தமிழ்ப் புத்தகங்களை எடுத்துப் படியுங்கள், பழையதாக இருந்தாலும். ஒவ்வொரு இரவலும் ஒரு ஓட்டு மாதிரி. வீட்டில் அம்மா, பாட்டி, குழந்தைகள் பெயரிலும் கார்டு எடுக்கலாம்.

கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். "தமிழ் புக் வாங்குங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுத்தால் நூலகரின் பாதி வேலை முடிந்தது. தனியாக எழுதுவதைவிட, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுப் பத்துத் தலைப்பு கொடுப்பது வலுவானது. நகலைச் சமஸ்தா செயலாளருக்கும் அனுப்புங்கள். உங்கள் கிளை எந்தச் சமஸ்தாவின் கீழ் வருகிறது என்று நூலகரே சொல்வார்.

தலைப்புகளைத் தேர்வு செய்ய உதவி வேண்டுமா? திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த் துறை உண்டு. அங்கே இருப்பவர்களிடம் ஒரு நல்ல பட்டியல் கேட்கலாம்.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை தமிழ்ப் புத்தகங்கள் வாங்கப்பட்டன, எவ்வளவு செலவானது, எங்கள் நகராட்சியிலிருந்து எவ்வளவு செஸ் வந்தது, எவ்வளவு நிலுவை என்று நான்கு கேள்வி போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கிளை நூலகர் பெரும்பாலும் உங்களுக்கு எதிரி இல்லை. புதுப் புத்தகம் வந்தால் சந்தோஷப்படும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். மேலே கேட்பதற்கு அவர் கையில் ஒரு காகிதம் வேண்டும். அடுத்த முறை போகும்போது அந்தக் காகிதத்தை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.