பெரிய கார்ப்பரேட்டர் போட்டால் வேகம் கூடுமா? மஸில் காருக்கு டியூனிங், கியர் ரேஷியோ தேர்வு செய்வது எப்படி?

1960-களின் அமெரிக்க மஸில் கார் கையில் கிடைத்தால் பலருக்கும் வரும் முதல் ஆசை, பெரிய கார்ப்பரேட்டர் மாட்டுவதுதான். ஆனால் மாட்டிய பிறகு சிக்னலில் வண்டி திணறும். பெட்ரோலும் தண்ணியாகச் செலவாகும். ஏன் இப்படி?

எந்த சைஸ் சரி?

ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்றை உள்ளே விடும் என்பதுதான் கார்ப்பரேட்டரின் அளவு. இதை சிஎஃப்எம் என்பார்கள். இன்ஜினின் கன அங்குல அளவை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி, 3,456-ஆல் வகுத்தால் தேவை தெரிந்துவிடும்.

செவர்லேயின் 350 கன அங்குல இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடினால் கணக்குப்படி சுமார் 608 சிஎஃப்எம் வேண்டும். சாதாரண இன்ஜின் அதில் 80 முதல் 85 சதவீதம்தான் இழுக்கும். ஆகவே 600 தாராளமாகப் போதும். அதைவிட ரொம்பப் பெரிதாகப் போட்டால், குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி பெட்ரோல் சரியாகக் கலக்காது. அதனால்தான் இந்தத் திணறல்.

அப்படியானால் கமேரோ இசட்/28?

1969 கமேரோ இசட்/28-ல் 302 கன அங்குல இன்ஜினுக்கு 780 சிஎஃப்எம் ஹாலி கார்ப்பரேட்டர் கொடுத்தார்கள். காரணம், அது ரேஸை மனதில் வைத்து, அதிக ஆர்பிஎம்மில் ஓடுவதற்கென்றே உருவான இன்ஜின். அதற்கேற்ப பின் ஆக்சில் ரேஷியோவும் 3.73. அதாவது கார்ப்பரேட்டரும் கியரும் ஜோடியாகவே தேர்வாகின.

டியூனிங்: எதை முதலில் பார்ப்பது?

* இக்னிஷன் டைமிங் சரியா, எங்காவது காற்று கசிகிறதா என்று பாருங்கள். இவை சரியில்லை என்றால் மற்ற வேலையெல்லாம் வீண்.
* அடுத்து ஃப்ளோட் லெவல்.
* ஐட்லிங் மிக்சர் ஸ்க்ரூக்களை மெதுவாக முழுசாக மூடி, ஒன்றரை சுற்று திறக்கவும். பிறகு வேக்குவம் கேஜில் அதிகபட்ச அளவு வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவும்.
* ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி ஒரு நொடி தயங்கினால் ஆக்சிலரேட்டர் பம்ப்பைக் கவனிக்கவும்.
* கடைசியாகத்தான் மெயின் ஜெட். பிளக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு.

பெட்ரோல் குறைவாகப் போவதுதான் பெரிய ஆபத்து. முழு வேகத்தில் நாக்கிங் ஏற்பட்டு பிஸ்டனே உருகிவிடலாம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எரிபொருள் சற்று கூடுதலாகத் தேவை. எனவே அந்தக் கால ஜெட்டை அப்படியே விடாமல் சரிபார்ப்பது நல்லது.

கியர் ரேஷியோ: 3.08-ஆ, 4.10-ஆ?

எண் பெரிதானால் பிக்கப் கூடும்; ஹைவேயில் இன்ஜின் கத்தும். 26 அங்குல டயரும் 1:1 டாப் கியரும் உள்ள கார் மணிக்கு 97 கி.மீ. வேகத்தில் போகும்போது:

* 3.08: சுமார் 2,390 ஆர்பிஎம்
* 4.10: சுமார் 3,180 ஆர்பிஎம்

இரண்டும் வேண்டுமென்றால் ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ் ஒரு வழி. 0.68 ஓவர்டிரைவ் இருந்தால், 4.10 ஆக்சிலிலும் அதே வேகத்தில் சுமார் 2,160 ஆர்பிஎம்தான் வரும்.

எதை முடிவு செய்வது?

வண்டி பெரும்பாலும் எந்த ஆர்பிஎம்மில் ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கார்ப்பரேட்டர், கியர் இரண்டையும் அதற்குப் பொருத்தமாக வாங்கினால் பணமும் மிச்சம், இன்ஜினும் பத்திரம்.