துணுக்காய்: பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள துணுக்காய்ப் பிரதேசத்தில் குடும்ப வரலாறு தேடுவோருக்குரிய முதன்மைச் சான்று, பிரித்தானியர் ஆட்சியில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபெற்று, இன்று 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நடைபெறும் பிறப்பு, இறப்புப் பதிவேயாகும். ஒல்லாந்தர் காலத்தில் காணிகளையும் குடிகளையும் பதிந்த தோம்பு என்னும் ஏடுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பங்களுக்கே பெரிதும் பயன்படுவன.

பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் தந்தை, தாய் ஆகியோரின் விபரங்களோடு, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியனவும் கேட்கப்படுவதால், ஒரு தாளிலேயே மூன்று தலைமுறைகள் துலங்கக்கூடும். விவாகப் பதிவு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டதெனினும், தாலி கட்டிக் கூறை கொடுத்து வழமைப்படி நடந்த திருமணம் பதியப்படாமலும் செல்லுபடியாவதால், பழைய தம்பதியர் பலரின் பெயர் பதிவேட்டில் இராது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவே அங்கு துணை. விவாகரத்து விபரங்களை மாவட்ட நீதிமன்ற வழக்கேடுகளில் தேடவேண்டும்.

இன்றைய முல்லைத்தீவு மாவட்டம் உருவானது 1970களின் இறுதியிலேயே. அதன் நிலப்பகுதிகள் முன்னர் வவுனியா, மன்னார் முதலிய மாவட்டங்களுக்கு உட்பட்டிருந்தமையால், பழைய பதிவைத் தேடுவோர் இன்றைய மாவட்டத்தை விட்டு, அன்றைய பதிவுப் பிரிவை முதலில் அறிதல் நன்று.

உள்நாட்டுப் போரில், 2008 ஆகஸ்டில் துணுக்காய் இராணுவத்தின் வசமாகுமுன் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். முள்ளிவாய்க்கால் வரை நீண்ட அந்த அலைவில் எண்ணற்ற குடும்பங்கள் பெட்டியில் பேணிய பத்திரங்களை இழந்தன. மீள்குடியேற்றத்தின் பின் நடமாடும் சேவைகளில் பலர் பிரதிகளையும், பிறப்புப் பதிவே இல்லாதோர் உத்தேச வயதுச் சான்றிதழையும் பெற்றனர். ஆதலால் வீட்டுப் பிரதி எரிந்துபோயிற்று என்பதனால் தேடலைக் கைவிடுதல் தவறு. பிரதேச செயலகத்தில் இல்லையெனில், பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் வினவலாம்.

மிகக் கனமானது இறப்புப் பதிவு. காணாமற்போனோர் இறந்ததாகக் கொள்ளப்பட்டுப் பதியப்பட 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. ஆயினும் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த பல குடும்பங்கள் மரணச் சான்றிதழை ஏற்க மறுத்தன. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழிசெய்தது. எனவே போரின் இறுதி மாதங்களில் காணாமற்போன ஒருவருக்குக் குடும்ப வரலாறு எழுதுவோர் ஊகத்தில் இறந்த நாளொன்றை இடுதல் தகாது. அவர் பெயருக்கு எதிரே ‘காணாமற்போனவர்’ என்றே எழுதுதல் வேண்டும்.