பார்வையற்ற திருத்தந்தையும் தொட்டறியும் சிற்பங்களும்

1730-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பன்னிரண்டாம் கிளமெண்ட் திருத்தந்தையாகத் தேர்வு பெற்றபோது அவருக்கு வயது 78. இரண்டே ஆண்டுகளுக்குள் பார்வையை முற்றும் இழந்தார். ஆவணங்களில் ஒப்பமிட, பிறர் அவர் கையைப் பிடித்து உரிய இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. மலபார் சடங்குமுறைகள் பற்றிய 1734-ஆம் ஆண்டு ஆணையால் நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றிலும் அவர் பெயர் இடம்பெற்றுள்ளது. ஆயினும் ஈண்டு நாம் நோக்குவது அவரது கலைத்தொண்டினையே.

உரோமை நகரின் திரேவி நீரூற்று 1732-இல் அவர் கட்டளையால் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு கர்தினால் அல்பானியின் பழஞ்சிலைத் தொகுப்பினை விலைக்கு வாங்கினார். 1734-இல் கபித்தோலியக் குன்றின் மாளிகையில் அவற்றை மக்களுக்கெனத் திறந்துவைத்தார். (பணத்திற்கு லாட்டரி வருவாய் துணை நின்றது, அதனை நாம் புகழ வேண்டியதில்லை.) பிரபுக்களின் கூடங்களில் அடைந்து கிடந்த செல்வம் இவ்வாறு பொதுவுடைமையாயிற்று.

மக்கள் காணச் சிலைக்கூடம் திறந்தவர் கண்ணற்றவர். அவரையொத்தோர்க்கு அக்கூடத்தில் என்ன கிடைத்தது? அருங்காட்சியகம் என்னும் நம் சொல்லிலேயே காட்சிதான் குடியிருக்கிறது. பின்னர் எங்கெங்கும் எழுந்த கூடங்களும் தொடுவதை விலக்கியே வைத்தன. காவலரை முற்றும் குறைகூறவும் இயலாது. புனித பேதுரு பேராலயத்திலுள்ள அப்போஸ்தலரின் வெண்கலச் சிலையில், திருப்பயணிகள் நூற்றாண்டுகளாகத் தொட்டும் முத்தமிட்டும் பாதம் தேய்ந்தே போயிற்று.

இந்தத் தடையைத் தம் பயணங்களில் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டவர்கள் ஆல்தோ கிராசினி, தானியேலா பொத்தெகோனி என்னும் பார்வையற்ற தம்பதியர். இத்தாலியின் ஆன்கோனா துறைமுக நகரைச் சேர்ந்த அவர்கள், தொடுவதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேண்டுமென்று வாதாடினர். நகராட்சி இசைந்தது. 1993-இல் பிறந்த அந்நிறுவனத்திற்குப் பார்வையற்றவராக மரபு போற்றும் ஹோமரின் பெயரே சூட்டப்பெற்றது. 1999-இல் நாடாளுமன்றம் அதனை அரசு அருங்காட்சியகமாக ஏற்றது.

2012-இல் அது குடிபுகுந்த கட்டடம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. கடலில் செயற்கைத் தீவொன்றின்மேல் ஐங்கோண வடிவில் வான்விதெல்லி என்னும் சிற்பி எழுப்பிய மாளிகை அது. கொள்ளைநோய்க்கு அஞ்சி, கப்பலில் வந்தோரையும் சரக்குகளையும் பிறர் தொடாதபடி ஒதுக்கிவைக்கும் இடமாக இருந்தது. நடுமுற்றத்தில் நோய்க் காவலரான புனித ரோக்கின் சிற்றாலயம் நிற்கிறது. 1733-இல் அதனைக் கட்டப் பணித்தவர் வேறு யாருமல்லர், பன்னிரண்டாம் கிளமெண்ட்தான்!

அங்குள்ளவற்றுட் பல நகல்களே. நகல்தானே என்று இகழ்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மைக்கேலாஞ்சலோவின் வியாகுல அன்னைச் சிலையை எடுத்துக்கொள்வோம். 1972-இல் ஒருவன் சம்மட்டியால் தாக்கியபின், உரோமையிலுள்ள மூலச்சிலை குண்டு துளைக்காத கண்ணாடிக்கு அப்பால் வைக்கப்பெற்றது. கண்ணுடையோர் எட்டநின்றே நோக்குகின்றனர். ஆன்கோனாவில் அதன் வார்ப்பினைக் கைகளால் அறியலாம். கண் ஒரு நொடியில் முழுமையைக் கவர்ந்துகொள்ளும். கையோ பகுதி பகுதியாகச் சென்று, மனத்தில் முழுமையைக் கட்டியெழுப்ப வேண்டும். ஆடை மடிப்பில் தொடங்கும் விரல், மகனின் தளர்ந்த தோளை அடைகிறது. அங்கே, துணியோடு சேர்த்து அவ்வுடலைத் தாங்கும் அன்னையின் வலக்கரத்தை உணர்கிறது. பின்பு மடிமீது கிடக்கும் உடலைக் கடந்து, எதையும் பற்றாமல் விரிந்திருக்கும் இடக்கரத்தைத் தேடிச் செல்கிறது.