வடக்கே 50 கிலோமீட்டர்

1993இல் என் அத்தைக்கு முதல் பிள்ளை பிறந்தது. திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்தவள், பதினைந்தாம் நாளிலிருந்து தூங்கவில்லை. பிள்ளையைத் தூக்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார்; கண்மாய்க்கரையில் பிடித்த காத்துக்கருப்பு என்றார். அது இறங்கவில்லை. ஏர்வாடிக்குக் கூட்டிப்போய் ஒரு காப்பகத்தில் விட்டார்கள். கைப்பிள்ளையைக் கணவர் வீட்டார் எடுத்துப்போனார்கள். எட்டு மாதம் கழித்து அத்தை திரும்பினாள். கணுக்காலில் சங்கிலித் தழும்பு. பிள்ளை திரும்பவே இல்லை.

அருப்புக்கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் மதுரை. அங்கே மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ஏ. வெங்கோபா ராவ், மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளுக்காக வெளிநாடுகளிலும் அறியப்பட்டவர். அரசு மருத்துவமனை, காசு கேட்காது. ஆனாலும் எங்கள் வீடு தெற்கே போனது. ஏன்?

அப்பத்தாவிடம் பின்னாளில் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போனா பைத்தியம்னு எழுதிருவாக. அவளுக்குப் பின்னால ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறாளே" என்றாள். பேய் என்றால் வெளியிலிருந்து வந்தது, இறங்கிப் போய்விடும். பைத்தியம் என்றால் ரத்தத்தில் வருவது, வீட்டையே கறையாக்கும். அத்தையின் நோய்க்கு வைத்த பெயர் வீட்டைக் காப்பாற்றியது. அவளைக் காப்பாற்றவில்லை.

அப்பத்தாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்த மனநல மருத்துவம் பூட்டு போட்டது. சென்னையில் பைத்தியர் விடுதி தொடங்கியது 1794இல். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கணவரோ உறவினரோ மனு கொடுத்தால் நீதிபதி உத்தரவில் ஒருத்தியை உள்ளே அனுப்பலாம். அந்தச் சட்டம் நடைமுறையிலிருந்து விலகியதே 1993இல்தான். மனநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கும் பிரிவு 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் சட்டம் படிக்காமலே அதை அறிந்திருந்தார்கள்.

அந்தப் பூட்டுக்குள்ளிருந்தே மாற்றமும் வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். நோயாளி வீடு திரும்பி வாழ வேண்டும், வேலை செய்ய வேண்டும் என்பதற்காக உழைத்தார். 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார். ஆனால் அந்தச் செய்தி எங்கள் கரிசல்காட்டுக்கு வந்துசேரவில்லை.

வந்துசேர்ந்தது தீ. 2001 ஆகஸ்ட் 6, விடியுமுன் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் எரிந்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அன்று செய்தி கேட்ட அத்தை ஒன்றும் பேசவில்லை. சேலையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டாள்.

2019இல் எனக்குப் பிள்ளை பிறந்தது. எனக்கும் தூக்கம் போனது. கிணற்றைப் பார்த்தால் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. அத்தைதான் முதலில் கண்டுகொண்டாள். "கோடாங்கி வேண்டாம். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்று என் அப்பாவிடம் சண்டை போட்டாள்.

மனநல மருத்துவர் என்னை எங்கும் பூட்டவில்லை. தூக்கம், பசி, பிரசவம், ரத்தப்போக்கு, வீட்டில் யார் துணை, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை எழுதினார். அவையும் மனதைச் சோர வைக்கும் என்றார். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதலாம். பக்கத்து அறையில் இருந்த உளவியலாளர் மாத்திரை எழுதுவதில்லை. உட்கார்ந்து பேசிப் பேசி வழி காட்டுவார். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், தேறிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே, பால் கொடுப்பதற்கு ஏற்ற மாத்திரைதான் இது என்றார். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பிரசவித்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நான் தனி ஆள் இல்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. நமக்காகப் பேசும் பிரதிநிதியை நாமே நியமிக்கலாம். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய் உள்நோயாளியாக இருந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது. இந்த வரியை நான் அத்தைக்கு வாசித்துக் காட்டவில்லை. தைரியம் வரவில்லை.

இப்போது வழி கேட்டு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமை எங்கே வருகிறது என்று தாலுகா மருத்துவமனையில் கேளுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 14416க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

தேறிய பிறகு ஒருநாள் அத்தை என் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.