அனுப்புநர் முகவரியும் அப்பாவின் சந்தேகமும்

கொஞ்சம் கொசுவர்த்திச் சுருளைச் சுற்றிக்கொள்ளுங்கள் மக்களே. வருஷம் 2009. நான் நியூஜெர்சியில் பொட்டி தட்டிக்கொண்டிருந்தேன் (இன்றைக்கும் அதேதான், தலையில் முடிதான் குறைந்துவிட்டது). அப்பாவும் அம்மாவும் மும்பையில், கிங்ஸ் சர்க்கிளில். பெயர்ப்பலகை மகேஷ்வரி உத்யான் என்று சொன்னாலும் எங்களுக்கு அது என்றைக்கும் கிங்ஸ் சர்க்கிள்தான். அப்பா ஆர்.எம்.எஸ்ஸில் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர். காலையில் காபி, பேப்பர், அப்புறம் தெருமுனை பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம். பையன் மெயில் போட்டிருக்கிறானா என்று பார்க்கத்தான்.

ஒருநாள் என் பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது. லண்டனில் மாட்டிக்கொண்டேன், பர்ஸும் பாஸ்போர்ட்டும் திருட்டுப் போய்விட்டன, ஓட்டல் பில் கட்ட உடனே பணம் அனுப்பவும், கையில் போன் இல்லை. முழுக்க ஆங்கிலத்தில். அனுப்பியவர் இடத்தில் என் பெயர், என் முகவரி. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அம்மா அழுதுகொண்டே பீரோவைத் திறந்து வளையலை எடுத்துவிட்டாளாம்.

அப்பா திரும்பவும் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரே ஒரு வரி பதில் போட்டார். உன் இன்ஜினியரிங் புஸ்தகமெல்லாம் எங்கே வாங்கினோம்?

கிங்ஸ் சர்க்கிள்காரர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும். நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள்தான், வேறெங்கே? ஆனால் வந்த பதில், "அதற்கெல்லாம் நேரமில்லை, பணத்தை அனுப்புங்கள்". அப்பா பணம் அனுப்பவில்லை. எனக்குப் போன் போட்டார். இங்கே நடுராத்திரி.

"எங்கடா இருக்கே?"

"தூங்கிட்டு இருக்கேம்ப்பா."

பின்னால் அம்மா விசும்புவது கேட்டது. எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டேன். அப்பா சொன்னது இதுதான்: "கவர் மேல அனுப்புநர் முகவரியை யார் வேணா எழுதலாம்டா. நாங்க அதைப் பார்க்கவே மாட்டோம். முத்திரையைத்தான் பார்ப்போம்."

மின்னஞ்சலின் சரித்திரமே இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடுகிறது.

மெயில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜொனாதன் போஸ்டல் அதை ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணமாக எழுதினார். அன்றைய வலைப்பின்னலில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அநேகமாக எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மாட்டுங்காவில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் "யாரு, நம்ம மணியா?" என்று திறப்பார்களே, அந்த மாதிரி. அதனால் அனுப்புகிறவன் தன் பெயரை என்ன சொன்னாலும் சர்வர் நம்பி வாங்கிக்கொண்டது. கல்லூரி நாட்களில் டெல்நெட் வழியாகப் போர்ட் 25க்குள் நுழைந்து, பில் கேட்ஸ் பெயரில் நண்பனுக்கு வேலை நியமன உத்தரவு அனுப்பியவர்கள் கையைத் தூக்கவும் :-) 2001ல் இந்த விதிமுறையைப் புதுப்பித்தபோது, இது இயல்பிலேயே பாதுகாப்பற்றது என்று அந்த ஆவணமே ஒப்புக்கொண்டது. மறு வருஷமே க்ளெஸ் என்ற புழு, பிடித்த கணினியில் கிடைத்த முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியது.

அப்பா போட்ட பதில் எனக்கு வராமல் திருடனுக்குப் போனதும் இதே விளையாட்டில்தான். பதில் எங்கே போகவேண்டும் என்று சொல்ல மெயிலுக்குள் தனியாக ஒரு வரி உண்டு. அதில் என் முகவரியைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக ஒன்று இருந்தது. எங்கள் இருவர் முகவரியும் எப்படிக் கிடைத்தன? நாமெல்லாம் அந்தக் காலத்தில் ஐம்பது பேருக்கு ஃபார்வர்டு செய்த ஜோக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தப்பித்தோம். தப்பாதவர் ஒருவரின் கதையைச் சொல்லவேண்டும். தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு அபுதாபியில் வேலை பார்த்தவர். 2007 செப்டம்பரில் வங்கியின் பெயரில் அவருக்கு ஒரு மெயில். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்பாவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடும் என்றது. வழக்கமான கடிதம்தான் என்று நினைத்து அனுப்பிவிட்டார். ரூ.6.46 லட்சம் வேறொரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. அதில் ரூ.4.6 லட்சத்தை மும்பைக் கிளை ஒன்றில் எடுத்துவிட்டார்கள்.

ரகசியத்தைக் கொடுத்தது வாடிக்கையாளரின் அலட்சியம் என்றது வங்கி. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000ன்படி இப்படிப்பட்ட இழப்பீட்டு வழக்குகளை விசாரிப்பவர் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலர். 2010 ஏப்ரலில் தமிழகச் செயலர் டேவிதார் தீர்ப்புச் சொன்னார்: அத்துமீறலைத் தடுக்க உரிய கவனம் எடுத்ததாக வங்கி நிரூபிக்கவில்லை, எனவே ரூ.12.85 லட்சம் கொடுக்கவேண்டும். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. ஏமாந்தவனைப் பார்த்து "உனக்கு புத்தி எங்கே போச்சு?" என்று மட்டுமே கேட்டுப் பழகிய ஊரில், வாசலில் காவல் வைத்தாயா என்று வீட்டுக்காரனையும் கேட்ட தீர்ப்பு அது. அப்பா அந்தச் செய்தியைப் போனில் முழுசாக வாசித்துக் காட்டினார்.

சட்டமும் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. 2005ல் நாஸ்காம் பெயரில் போலி மெயில் அனுப்பிய வழக்கு வந்தபோது, பிஷிங் என்ற குற்றத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் அது சட்டவிரோதம்தான் என்றது டெல்லி உயர்நீதிமன்றம். 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. எங்கிருந்து வந்தது என்று ஏமாற்றும் மெயிலைப் பற்றி 66ஏ பிரிவிலும் ஒரு வரி இருந்தது. பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் 66ஏவை மொத்தமாக ரத்து செய்தபோது அதுவும் சேர்ந்து போனது.

அப்பா சொன்ன முத்திரை கணினிக்கு வரவும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2006ல் எஸ்.பி.எஃப்.: இந்த முகவரிக்காரர் சார்பாக எந்தெந்த சர்வர் தபால் கொண்டுவரலாம் என்ற பட்டியல். 2007ல் டி.கே.ஐ.எம்.: உடைத்தால் தெரிந்துவிடும் அரக்கு முத்திரை. 2012ல் டிமார்க்: முத்திரையும் மேலே எழுதிய பெயரும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்ற கட்டளை. இவை கூடாதென்றால் மொத்தமாக மெயில் அனுப்பாதே என்று ஜிமெயிலும் யாஹூவும் கறாராகச் சொன்னது 2024 பிப்ரவரியில்தான்! நம் வங்கிகள் இணைய முகவரியை பேங்க் டாட் இன் என்று முடியும்படி 2025 அக்டோபர் 31க்குள் மாற்றவேண்டும் என்றது ரிசர்வ் வங்கி.

ஜிமெயிலில் சந்தேகமான கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" அழுத்துங்கள். மூன்றுக்கும் நேரே "பாஸ்" இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒன்று: ஓர் எழுத்து மாற்றிய முகவரிக்கும் முத்திரை ஒழுங்காகவே விழும். உங்கள் கணக்கையே திருடிவிட்டால் அசல் முத்திரையே விழும். அதனால் மெயிலுக்கென்று தனிக் கடவுச்சொல், அதோடு இரண்டடுக்குச் சோதனை, இரண்டும் கட்டாயம். மற்ற கணக்குகளின் சாவியெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது?

அப்பா இப்போது இல்லை. குரலையே போலி செய்யும் காலம் வந்துவிட்டது. மகள் வெளியூரில் படிக்கிறாள். எங்கள் வீட்டிலும் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம், பணம் என்று யார் கேட்டாலும் முதலில் அதற்குப் பதில் சொல்லவேண்டும். அது பழைய புத்தகக் கடை பற்றியது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன் :-)