மிதித்தால் ஒரு சத்தம், விட்டால் ஒரு சத்தம்

கிளட்சில் சத்தம் வருகிறது என்று மெக்கானிக்கிடம் சொல்வது, வயிறு வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது மாதிரி. எங்கே, எப்போது, என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் அடங்குகிறது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். மென்பொருளில் பிழை தேடும்போது நாங்களும் முதலில் இதைத்தான் செய்கிறோம். என்ன செய்தால் பிழை மறுபடி வருகிறது, என்ன செய்தால் மறைகிறது? கார் மெக்கானிக்குகள் இதை நூறு வருடமாக, லாக் ஃபைல் எதுவும் இல்லாமல், இடது காலையும் காதையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்துவருகிறார்கள்.

அவர்களுடைய பழைய விதி எளிமையானது. என்ஜினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது கிளட்ச் பிளேட், ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. அதோடு கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் சுற்றுகிறது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் கியர்பாக்ஸுக்குள் பாதிப் பேர் வேலையில்தான் இருக்கிறார்கள். இந்த நிலையில் 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் கேட்டு, பெடலை முழுக்க மிதித்ததும் அது அடங்கிவிட்டால், குற்றவாளி இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஷாஃப்ட் நின்றுவிட்டது, அதனால் சத்தமும் நின்றுவிட்டது. மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் அது ரிலீஸ் பேரிங். கியரைப் போட்டு முழுதாக மிதித்து வைத்திருக்கும்போது மட்டும் கீச்சிட்டால், ஃபிளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் புஷ்ஷைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜினை அணைத்த பிறகும் மிதித்தால் கிறீச்சென்றால், ஃபோர்க் உட்காரும் இடமோ பெடலின் அச்சோ காய்ந்து கிடக்கிறது. கொஞ்சம் கிரீஸ் போதும், பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

இந்த விதியை யாராவது ஒருநாள் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கிளட்சின் வடிவம் மாற மாற, காதுகள் அதன் பின்னாலேயே ஓடி உண்டாக்கிக்கொண்ட விதி இது. ஆகவே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. காலாவதித் தேதியும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

1886ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் ஓட்டிய மூன்று சக்கர வண்டியில் இன்றைய கிளட்ச் கிடையாது. ஒரு தோல் பெல்ட்டை, சும்மா சுற்றும் கப்பியிலிருந்து அச்சோடு பூட்டிய கப்பிக்கு நகர்த்தினால் வண்டி கிளம்பும். அரவை மில்லில் பெல்ட் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதற்குப் பின் வந்தவை கூம்பு கிளட்சுகள். புனல் போன்ற ஒரு குழிக்குள் தோல் போர்த்திய கூம்பு ஒன்று போய் அழுந்தும். தோல் காய்ந்தால் வெடுக்கென்று பிடித்து வண்டியை எகிற வைக்கும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும். காய்ந்தால் விளக்கெண்ணெய் தடவு, வழுக்கினால் முல்தானி மிட்டி தூவு என்பதுதான் அந்தக் கால வைத்தியம். நம்மூர்ப் பாட்டிகளின் அஞ்சறைப்பெட்டியிலும் அழகு நிலையத்திலும் இருக்கும் பொருட்களை வைத்து ஐரோப்பியக் கனவான்கள் கிளட்ச் ரிப்பேர் செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

தோலின் இடத்துக்கு வேறொன்று வந்த கதை, இங்கிலாந்தின் டார்பிஷர் மலைச்சரிவில் தொடங்குகிறது. இறக்கத்தில் வரும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைச் சேர்த்து அடித்து வைத்திருப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் கவனித்தார் என்பார்கள். மரத்தைவிட அது நன்றாகப் பிடித்தது. 1897இல் அவர் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் ஃபெரோடோ ஆனது. முதலில் பருத்தித் துணியில் பிசின் ஏற்றிப் பார்த்தார்கள். சூட்டில் அது கருகியது. கருகாத நார் ஒன்று வேண்டும் என்று தேடியபோது கல்நார் கிடைத்தது, ஆஸ்பெஸ்டாஸ்.

அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளுக்கு உலகத்தின் கிளட்ச் பிளேட்டுகளும் பிரேக் லைனிங்குகளும் பெரும்பாலும் கல்நார்தான். தேயத் தேயத் தூளாகி, ஃபிளைவீலை மூடிய கூட்டுக்குள் சாம்பல் நிறத்தில் அது படிந்திருக்கும். கிளட்சைத் திறந்ததும் மெக்கானிக் செய்யும் முதல் காரியம், கம்ப்ரஸர் குழாயை வைத்து அந்தத் தூசியை ஊதித் தள்ளுவது. கம்ப்ரஸர் இல்லாத கடையில் வாயால் ஊதுவார்கள். நுரையீரலுக்குள் போன கல்நார் இழை வெளியே வருவதில்லை. அது புற்றுநோயாக மாறச் சில சமயம் முப்பது நாற்பது வருடம் எடுத்துக்கொள்ளும். ஊதிய நாளையும் நோய் வந்த நாளையும் சேர்த்துப் பார்க்க எந்த ஒர்க்ஷாப்பிலும் பதிவேடு கிடையாது. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பு சொன்னது. பிரிட்டன் 1999இல் மொத்தமாகத் தடை போட்டது. வெள்ளைக் கல்நாருக்கு இந்தியாவில் முழுத்தடை இல்லை. பழைய காரின் கிளட்சைத் திறக்கிறவர் தூசியை ஊதாமல் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டித் தூக்கியெறிய வேண்டும். சத்தத்தைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். சத்தம் கேட்டால்தானே திறக்கிறோம்?

சரி, அம்பாஸடருக்கு வருவோம். ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும் என்று கிண்டல் செய்யப்பட்ட கார். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சாக 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது. அதன் 1489 சிசி பெட்ரோல் என்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் வினோதம், ரிலீஸ் பேரிங்கில் குண்டுகளே கிடையாது. இரும்புக் கிண்ணம் ஒன்றில் பொருத்திய கார்பன் வளையம்தான் 'பேரிங்'. பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட் வகைதான். பெடலை மிதித்தால் இந்த வளையம், சுற்றும் எஃகுத் தட்டின் மேல் போய் உரசும். கிராஃபைட்டுக்கு மசகு அதற்குள்ளேயே இருப்பதால் கிரீஸ் வேண்டாம், இரைச்சலும் இல்லை.

சிக்கலே அதன் அமைதிதான். குண்டு பேரிங் சாகும் முன் மாதக்கணக்கில் முனகும், ஊருக்கே சொல்லும். கார்பன் வளையமோ சத்தமே போடாமல் தேய்ந்துகொண்டே போகும். அது முழுக்கத் தீர்ந்து, கிண்ணத்தின் இரும்பு தட்டின் இரும்பைத் தொடும் அன்று, உயிர் போகிற மாதிரி ஓர் அலறல். அப்போது தட்டும் சேர்ந்து போயிருக்கும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பென்சிலைச் சீவுகிற நிமிடம். "நியூட்ரல் போடு, கிளட்ச்சுல கால வச்சுட்டு நிக்காத" என்று டிரைவிங் ஸ்கூல்களில் இன்றும் அதட்டுகிறார்களே, அந்த அதட்டலில் பாதியாவது கார்பன் வளையம் கற்றுக்கொடுத்தது என்பது என் ஊகம். குண்டு பேரிங்குக்கும் அந்த அறிவுரை நல்லதுதான், ஆனால் அவ்வளவு கோபம் தேவைப்படாது.

அந்த என்ஜினுக்கு இன்னொரு வினோதமும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்ட்டில் வெட்டிய திருகுப் பள்ளம், கசியும் எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் என்பது ஏற்பாடு. புதிதாக இருந்தபோது தள்ளியது. தேய்ந்த என்ஜினில் எண்ணெய் கிளட்ச் கூட்டுக்குள் சொட்டும். அது வெளியேற அடியில் ஒரு துளை, துளை அடைபடாமலிருக்க அதில் தொங்கும் ஒரு ஸ்பிளிட் பின். கசியும் என்று தெரிந்தே வடிகால் வைத்த பொறியாளர்களை எனக்குப் பிடிக்கும். எண்ணெய் பட்ட பிளேட் கிளம்பும்போது வண்டியை உதற வைக்கும். பிளேட்டை மாற்றிவிட்டுக் கசிவை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் அதே உதறல் திரும்பி வரும். அறிகுறிக்குத் தைலம் தடவும் இந்த வைத்தியம் எங்கள் அலுவலகத்திலும் தினமும் நடக்கிறது.

கார்பன் வளையத்தைப் பின்னால் வந்த வடிவமைப்புகள் ஓரம் கட்டின. பிரஷர் பிளேட்டில் வட்டமாக உட்கார்ந்திருந்த பல சுருள்வில்களின் இடத்துக்கு, விரல்விரலாக வெட்டிய ஒற்றை டயஃப்ரம் ஸ்பிரிங் வந்தது. 1965இல் ஜெர்மனியின் பூல் நகரில் தொடங்கிய லுக் நிறுவனம் அதை ஐரோப்பியக் கார்களில் பரப்பியதில் முக்கியமானது. இன்று ஓசூரிலும் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. மிதிக்க லேசாக இருந்தது, பாகங்களும் குறைவு. கூடவே சீல் செய்த குண்டு பேரிங் வந்தது.

அதோடு ஒரு சின்ன இடைவெளி காணாமல் போனது. பழைய கிளட்சுகளில் பெடலை விட்டால் ரிலீஸ் பேரிங் எதையும் தொடாமல் சும்மா நிற்கும். அதற்குத்தான் பெடலில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் 'ப்ளே' விடச் சொல்வார்கள். தானே சரிசெய்துகொள்ளும் கேபிளும், ஹைட்ராலிக் கிளட்சும் வந்தபின் பல கார்களில் பேரிங் எந்நேரமும் விரல்களை லேசாகத் தொட்டபடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. மிதிக்காவிட்டாலும் அது வேலையில்தான் இருக்கிறது. நான் மேலே சொன்ன பழைய விதி இங்கேதான் காலாவதியாகிறது.

மதுரையில் என் சித்தப்பாவிடம் 2006இல் வாங்கிய, ஹைட்ராலிக் கிளட்ச் கொண்ட சின்னக் கார் ஒன்று இருக்கிறது. நியூட்ரலில் கரகரவென்று சத்தம், மிதித்தால் மௌனம். ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் கேட்டுவிட்டு, விதிப்படி இன்புட் ஷாஃப்ட் பேரிங் என்று முடிவு செய்து, கியர்பாக்ஸைப் பிரித்துச் செய்ய மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவருக்கு முப்பது வருடமாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, நீங்க உக்காந்து மிதிங்க. முழுசா வேணாம். சும்மா காலை வைங்க, அவ்வளவுதான்."

பெடல் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சத்தம் நின்றுவிட்டது.

"இப்ப அப்படியே ஃபர்ஸ்ட் கியர் போட்டுப் பாருங்க."

கியர் பல்லைக் கடித்தது, விழவில்லை. அதாவது கிளட்ச் இன்னும் விடுபடவே இல்லை, இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஷாஃப்ட் சுற்றும்போதே சத்தம் நின்றது என்றால் சத்தம் அதனுடையது இல்லை. தளர்ந்துபோய் ஆடிக்கொண்டிருந்த ரிலீஸ் பேரிங், காலின் லேசான பாரம் கிடைத்ததும் அடங்கிக்கொண்டது.

"பாரம் இல்லாதப்ப கத்துது, பாரம் வந்ததும் கம்முனு ஆயிருது. கியர்பாக்ஸை எறக்கணும்ணே. ஆனா பிரிக்க வேணாம்."

இறக்குவதற்கும் பிரிப்பதற்கும் நடுவே சித்தப்பாவின் ஒன்றரை மாத ஓய்வூதியம் இருந்தது. பேரிங், பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் சேர்த்தே மாற்றினார்கள். அத்தனை பெரிய வேலை செய்து இறக்கியபின் பழைய பிளேட்டை மறுபடி போடுவது சிக்கனம் ஆகாது. கழற்றிய பேரிங்கை என் கையில் கொடுத்தார். சுற்றிப் பார்த்தேன், மண் கலந்த அரிசியை மெல்லுகிற மாதிரி இருந்தது. கூட்டுக்குள் இருந்த தூசியின் மேல் அவருடைய பையன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முன்னெல்லாம் ஊதுவோம், இப்ப விடுறதில்ல என்றார் அவர்.

அம்பாஸடர் ஆலை நின்றது 2014 மே மாதம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் மாருதி செலேரியோ, ஏஎம்டி கியரோடு வெளிவந்தது. அதிலும் கிளட்ச் பிளேட் இருக்கிறது, ரிலீஸ் பேரிங்கும் இருக்கிறது. பெடல் இல்லை. மிதிப்பதை ஒரு கருவி செய்கிறது, எப்போது எவ்வளவு என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. ஒரு விரற்கடை மட்டும் மிதித்துப் பார் என்று அதனிடம் சொல்ல ஸ்கேனரில் ஏதாவது வழி இருக்கிறதா என்று அந்த மெக்கானிக் என்னிடம் கேட்டார். நீங்கள்தானே இதெல்லாம் எழுதுகிறீர்கள் என்றார்.