மேசைக் கால்குலேட்டர் முதல் கப்ரு வரை

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஐம்பது, அறுபதுகளில் நடந்த வேலையைத் தெரிந்துகொண்டால், "ஆராய்ச்சிக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்ற கேள்வியையே வேறு மாதிரி கேட்கத் தோன்றும்.

1952இல் ஜி. என். ராமச்சந்திரன் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோலில் நிறைந்திருக்கும் புரதம் கொலாஜன். அதன் வடிவத்தைத் தேடி, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் நேச்சர் இதழில் மூன்று இழை முறுக்கு அமைப்பை வெளியிட்டார். அப்போது மூலக்கூறு கிராஃபிக்ஸ் என்றால் பந்தும் குச்சியும்தான். கையால் கட்டி, சுற்றி வந்து பார்க்க வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து கிரிக், ரிச் இருவரும் ஓர் ஆட்சேபம் எழுப்பினார்கள்: இந்த மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கின்றனவே? நியாயமான கேள்வி. அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி, ராமச்சந்திரன் குழு ஒரு வரம்பை வகுத்தது. பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அடுத்த கட்டம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாகச் சுழலக்கூடியவை ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள். இரண்டையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு சேர்க்கைக்கும் அணு இடைவெளிகளைக் கணக்கிட்டு, இடிக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை மேசைக் கால்குலேட்டரில் போட்டார்கள்! 1963இல் கட்டுரை வந்தது. உலகம் முழுக்க இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்று பாடப் புத்தகங்களில் இருப்பது அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முப்பரிமாணச் சிக்கலை இரண்டு எண்களாகச் சுருக்கி ஒரு சதுரத் தாளில் போட்டுவிட்டார்கள். அதே அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சைரஸ் லெவிந்தால் பெரிய கம்ப்யூட்டரோடு இணைத்த திரையில் மூலக்கூறைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டியில் அந்த வசதி இல்லை. தாள் போதுமானதாக இருந்தது. 1971இலும் இதே கைவண்ணம்தான். ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் எழுதிய கட்டுரையில், எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்க ஃபூரியே மாற்றத்துக்குப் பதில் கன்வல்யூஷன் முறையை முன்வைத்தார். காரணங்களில் ஒன்று, கம்ப்யூட்டர் நேரம் மிச்சமாகும் என்பது. சி.டி. ஸ்கேன் துறை அந்த வழியைப் பிடித்துக்கொண்டது.

கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 வந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் எண்கள் அச்சாகி வரும். கணக்கு தீர்ந்தது, மூலக்கூறைக் கண்ணால் பார்ப்பது தீரவில்லை. அதற்கென்று எண்பதுகளில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தனி வொர்க்ஸ்டேஷன்கள் விற்றன. எந்த அணு முன்னால், எது பின்னால் என்பதை வன்பொருளே தீர்மானிக்கும். விலையோ சாதாரணக் கல்லூரி நினைத்தும் பார்க்க முடியாதது.

உடைத்தது மென்பொருள்தான். 1992இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட்சன் தம்பதியர் மேஜ் என்ற நிரலை மெக்கின்டாஷுக்காகத் தந்தார்கள். 1993இல் ரோஜர் சேலின் ராஸ்மால் வந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம், விண்டோஸ் பி.சி.யிலும் புரதம் சுழன்றது. ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பெட்டிக்கு அது போதும்.

கணக்குப் பக்கமும் அதே கதை. 1994இல் நாசாவில் 486 ரகச் சில்லுகள் பதினாறைக் கோத்து பியோவுல்ஃப் கட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 2004இல், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கப்ரு. இமயமலைச் சிகரத்தின் பெயர். கடையில் கிடைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்டெல் ஜியான் பிராசஸர்கள், பெட்டிக்கு இரண்டு வீதம் 144 பெட்டிகள், லினக்ஸ். வேலை மூலக்கூறு அல்ல, குவார்க்குகளைப் பற்றிய லாட்டிஸ் கணக்கு. அதில் ஒவ்வொரு பெட்டியும் அக்கம்பக்கத்துப் பெட்டிகளோடு ஓயாமல் பேச வேண்டும் என்பதால், சாதாரண ஈதர்நெட்டை மட்டும் நம்பாமல் முப்பரிமாண வலைப்பின்னல் போட்டார்கள். ஏட்டளவில் 1382 கிகாஃபிளாப்ஸ். லின்பேக் சோதனையில் 1002 கிடைத்தது. அதாவது சுமார் 72 சதவீதம். பி.சி. விளம்பரத்தில் போடும் வேகத்துக்கும் நிஜ வேகத்துக்கும் உள்ள இடைவெளி இங்கேயும் உண்டு, பெரிய அளவில்!

2007இல் என்விடியாவின் கூடா வந்தபின், விளையாட்டுக்கு வாங்கிய கார்டே கணக்குப் போட ஆரம்பித்தது. பார்க்கும் பெட்டியும் கணக்குப் பெட்டியும் ஒன்றாயின. ஆனால் பல கேமிங் கார்டுகளில் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லியத்தில் ஒரு சிறு பங்குதான். மூலக்கூறு இயக்கக் கணக்குகள் பெரும்பாலும் ஒற்றையிலேயே ஓடிவிடும். குவாண்டம் வேதியியல் அப்படி விடாது. ஆகவே என்ன நிரல் ஓடப்போகிறது என்று தெரியாமல் கார்டு வாங்குவது வீண் செலவு.

இன்று புதிதாக ஒரு புரத அமைப்பைப் புரத வங்கியில் சேர்த்தால், சரிபார்ப்பு அறிக்கையில் ஒரு வரி வரும்: எத்தனை கண்ணிகள் ராமச்சந்திரன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன என்று. அந்தச் சோதனையைப் போட, பரணில் கிடக்கும் பழைய பி.சி. ஒன்றே போதும்.